கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது

இதை யாரிடமும் காட்ட வேண்டாம். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என் அண்ணி அஞ்சலையோடு உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். லூர்து அக்காவின் மகள் ரோஸி என்னோடு பத்தாவது படித்தவள். அவளிடம் கொடுத்து அனுப்புவேன். அவள் மெதுவாகப் படித்துச் சொல்லட்டும். கேட்டு முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்தால் அடி விழும் என்பதற்காகப் பயப்படவில்லை. அடியைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. படித்துக்கொண்டே வந்தால் உங்களுக்கே புரியும்.

அண்ணிக்கு என் அப்பா ஓர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறார். பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடையில், உப்பளத்துக்குப் போகும் வழியில் இருக்கும் மோட்டார் கொட்டகைச் சுவரில். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘பூவோடும் பொட்டோடும் இறைவனடி சேர்ந்தார்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. சுற்றிலும் தாமரையும் ரோஜாவும் வரைந்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் படம் ஓட்டுப் போடும் அட்டைக்காக எடுத்தது. அதில் அண்ணியின் தலையில் பூ இல்லை. ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி கம்ப்யூட்டரில் மல்லிகைப் பூவை ஒட்ட வைத்திருக்கிறார்கள். பூ சரியாக உட்காரவில்லை. பாதி காதின் மேல் ஏறிக்கொண்டு நிற்கிறது. உயிரோடு இருந்தவரை எந்தத் தலையிலிருந்து பூவை எடு, எடு என்று கத்தினார்களோ, அந்தத் தலையில் செத்த பிறகு மெஷின் வைத்துப் பூ ஒட்டுகிறார்கள்.

அதனால்தான் நானும் ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. இதில் ‘அவர்’, ‘அன்னார்’ என்றெல்லாம் எழுதமாட்டேன். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். ‘அன்னார்’ என்பது போஸ்டரில் இருப்பவர். எனக்குத் தெரிந்தவள் அண்ணி.

செய்தி வந்தபோது நான் அவள் வைத்த கனகாம்பரச் செடியில் பூ பறித்துக்கொண்டிருந்தேன். குளியலறைத் தண்ணீர் போகும் ஓரத்தில் இருக்கிறதே, அந்தச் செடி. மறுநாள் அண்ணியைப் பார்க்கப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப் போகலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் போன் இல்லை. ஏதாவது என்றால் பக்கத்து வீட்டு பானு அத்தைக்குத்தான் போன் வரும். அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, பூ பறிக்கிறியா? பறி, பறி. உங்க அண்ணி பூவோடயே போய்ச் சேர்ந்துட்டா. குடுத்து வச்சவ.”

செத்துப்போய்விட்டாள் என்று அத்தை சொல்லவே இல்லை. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு நிமிர்ந்து பார்த்தேன். அத்தையின் முகத்தில் துக்கம் இல்லை. பொறாமை இருந்தது. இதே அத்தைதான் காலையில் வெளியே கிளம்பும்போது அண்ணி எதிரில் வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய், ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவாள். கையில் இருந்த பூவை நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

என் அண்ணன் மூர்த்தியை உங்களில் பலருக்குத் தெரியும். கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கிவருகிறேன் என்று கரைக்குப் போனான். அவனோடு போன சைக்கிள் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. எங்கெங்கோ போய்ப் பார்த்தார்கள். கடைசியில் பெரியவர்கள் கூடி, உடம்பு கிடைக்காவிட்டாலும் காரியத்தைச் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். புல்லில் ஓர் உருவம் செய்து அதற்கு அண்ணனின் சட்டையைப் போட்டு எரித்தார்கள். பிறகு பெண்கள் எல்லாம் அண்ணியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தாலியையும் பூவையும் எடுப்பதற்கு.

அண்ணி இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். “புல்லுக்கா நான் கழுத்த நீட்டினேன்? அவரு ஒடம்பு வரட்டும். நானே கழட்டித் தரேன்.”

“பூவையாவது எட்றி,” என்று அம்மா அழுதாள். “நீ பூ வச்சிகினு சுத்தினா என் புள்ள ஆத்மா எங்கடி போயி அடங்கும்?”

“அவரு அடங்கறதுக்கும் என் கொண்டைக்கும் இன்னா அத்தை சம்மந்தம்?”

அன்றிலிருந்து அண்ணி யார் என்பதே ஊரில் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அவள் சுமங்கலியா, தாலி அறுத்தவளா என்று முடிவு செய்ய முடியாதது அவர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. ஒரு பெண்ணை எதிரில் பார்த்தால் நல்ல சகுனமா, கெட்ட சகுனமா என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தானே தலையில் பூ? வாசனைக்கு இல்லை, அழகுக்கு இல்லை. வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி.

என் பெரியப்பா மகளின் வளைகாப்புக்கு அண்ணியும் வந்தாள். கூப்பிடவில்லை. வந்தாள். சித்தி பூத்தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பெண்களிடம் நீட்டிக்கொண்டே வந்தாள். அண்ணியின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். நீட்டினால் ஒரு பேச்சு, நீட்டாவிட்டால் ஒரு பேச்சு. தட்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் அப்படியே நின்றது. எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

“இன்னா சித்தி, கை வலிக்குதா? குடு, நான் புடிச்சிக்கிறேன்.” அண்ணி தட்டை வாங்கிக்கொண்டாள். இருப்பதிலேயே நீளமான சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். அந்த அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்கு அடுத்தவளுக்குத் திடீரென்று குழந்தை ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டாள். கடைசியில் அந்தத் தட்டில் இருந்த அத்தனை பூவையும் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினார்கள். நல்ல பூ. அப்போதுதான் தொடுத்தது. மாடு தின்றது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணி சிரித்துக்கொண்டே வந்தாள். “அந்த மாடுதான் பாப்பா புண்ணியம் பண்ணது. அதுக்குப் புருஷன் உசுரோட கீறானா இல்லியான்னு ஒருத்தியும் கேக்கல, பாரு.” எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் நடு வழியில் நின்று, ஓரமாகத் திரும்பிக் காறித் துப்பினாள். அப்போது சிரிக்கவில்லை.

லூர்து அக்கா, அடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லீவு நாளில் நானும் உப்பு வார வந்திருந்தேன். மதியம் எல்லாரும் உப்பு அம்பாரத்தின் ஓரம் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி முந்தானையில் முடிந்து வைத்திருந்த கனகாம்பரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி, நீங்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் தலையில் செருகிவிட்டாள். உங்கள் வீட்டுக்காரர் போனதிலிருந்து பூவே வைக்காத நீங்கள் பதறிப்போய்க் கையைக் கொண்டுபோனீர்கள். ‘உங்க சாமிதான் இதெல்லாம் பாக்காதே,’ என்று அவள் கேட்டாள்.

“நீ வேற அஞ்சல. எங்க ஆளுங்க கிட்டயும் இதே கததான். மாதாவுக்கு வைக்கலாம், எனக்கு வைக்கக்கூடாது.”

“உங்க மாதாவுக்குப் புருஷன் இருக்காரா?”

“அவரு முன்னாடியே போயிட்டாரும்மா.”

“அப்ப அவங்களுக்கு மட்டும் எப்டி கூட கூடயா பூவு?”

நீங்கள் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறி, வரப்பில் உட்கார்ந்து நெஞ்சைத் தட்டிக்கொண்டீர்கள். மேஸ்திரி அங்கிருந்து, ‘இன்னாம்மா கும்மாளம் அங்க’ என்று கத்தினார். சாயங்காலம் வரை அந்தப் பூ உங்கள் தலையில் இருந்தது. ரோட்டுக்கு ஏறும் முன்னால் கழற்றினீர்கள். அதை நீங்கள் தூக்கிப் போடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து உள்ளே வைத்து மூடினீர்கள். நான் பார்த்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பரீட்சைக்குப் படிக்கும்போது அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் வெடித்த குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அவள் கேட்பாள். ஒருநாள் புறத்திணை வந்தது. மாடு கவரப் போகிறவன் வெட்சிப் பூ சூடுவான், அதை மீட்கப் போகிறவன் கரந்தை, எதிர்த்து நின்று போர் செய்கிறவன் தும்பை, ஜெயித்தவன் வாகை.

“இரு, இரு. மாடு திருடப் போறவனுக்கு ஒரு பூவா?”

“ஆமாம் அண்ணி. வெட்சி.”

“வெட்டறவனுக்கு ஒண்ணு, ஜெயிச்சவனுக்கு ஒண்ணு. அது சரி. ஆம்பள பூ வச்சா வீரம். நாம வச்சா மட்டும் புருஷன் கணக்கு. எழுதிக்க பாப்பா, பரீட்சையில கேப்பாங்க.”

அடுத்த பக்கத்தில் ஐந்து நிலங்களும் அவற்றின் பூக்களும் இருந்தன. எங்கள் நிலம் நெய்தல். கடலும் கடல் சார்ந்த இடமும். அதற்கு உரியது இரங்கல் என்று படித்தேன். இரங்கல் என்றால் என்ன என்று கேட்டாள். பிரிந்துபோனவரை நினைத்து அழுவது என்றேன். அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நம்ம ஊருக்கு அழுவறதுன்னு எழுதி வச்சவன் யாரு? ஒரு நாளு இங்க வந்து உப்பு வாரினானா அவன்? பூவு பேசாது பாப்பா. அது பாட்டுக்குப் பூக்குது. பேசறதெல்லாம் இவனுங்கதான்.”

பூ பேசாது என்று அவள் அடிக்கடி சொல்வாள். நானும் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன், தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா செத்துப்போகும் வரை.

அந்தப் பெரியம்மாவுக்குப் புருஷன் இருந்தார். அதனால் பட்டுப் புடவை கட்டி, மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்துக் கிடத்தியிருந்தார்கள். சம்பங்கியும் மல்லிகையும் ஊதுபத்தியும் சேர்ந்து, வெயிலில் ஒரு வாடை வந்தது. எடுக்கும் நேரத்தில் பெண்கள் எல்லாரும் பாய்ந்தார்கள். சுமங்கலியாகப் போனவள் தலையில் இருந்த பூவை எடுத்து வைத்துக்கொண்டால் தன் தாலி நிலைக்குமாம். ஒருத்தி கொண்டையிலிருந்து பிடுங்கினாள். இன்னொருத்தி, ‘எனக்கு ஒரு கண்ணி குட்றி’ என்று கேட்டாள். பெரியம்மாவின் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. வாய்க்கட்டு நழுவியது. அதை யாரும் கவனிக்கவில்லை. பானு அத்தை பிடுங்கிய பூவில் இரண்டு நரைமுடி ஒட்டிக்கொண்டு வந்தது. அதோடு சேர்த்தே தன் கொண்டையில் வைத்துக்கொண்டாள்.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். குழாயடியில் நின்று முகம் கழுவினாள். “நான் போனா இதுங்க கை என் தலையில படக்கூடாது. நீ பாத்துக்க பாப்பா.”

“போ அண்ணி. இன்னா பேச்சு இது.”

“சும்மா சொல்றேன். ஆனா பாத்துக்க.”

போன மாதம் பாத்தியில் இறங்கி வாரும்போது கிளிஞ்சல் கிழித்து அண்ணியின் குதிகாலில் காயம் பட்டது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் துணி கட்டிவிட்டீர்கள். உப்புத் தண்ணீரிலேயே மறுபடி மறுபடி இறங்கியதில் அது உள்ளே புரையோடிவிட்டது. கால் வீங்கியது. ஜுரம் வந்தது. அம்மா மஞ்சளை அரைத்துப் பூசினாள். பிறகு குறி சொல்கிறவரைக் கூட்டிவந்தாள். அவர் காலைப் பார்க்கவே இல்லை. தலையைப் பார்த்தார். வைக்கக்கூடாத பூவை வைத்துக்கொண்டிருப்பதால் வந்த தோஷம், அதைக் கழற்றிக் கடலில் விட்டால் ஜுரம் இறங்கும் என்றார்.

“கால்ல வந்த சீக்குக்குத் தலையில இன்னா வேல?” என்று அண்ணி படுத்துக்கொண்டே கேட்டாள்.

“திமிரு பேசாத. பூவைக் கழட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்,” என்றாள் அம்மா.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம். பூவும் வரும்.”

இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறும் வரை இந்த வீட்டில் பூவைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். ‘பொம்பளைங்க விஷயம், உங்கம்மா பாத்துப்பா’ என்றார். அண்ணி சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்த பிறகுதான் ஷேர் ஆட்டோ வந்தது. அதற்கு முந்தின நாள் நான் பறித்துக் கொடுத்த கனகாம்பரத்தை அண்ணி தொடுத்தாள். விரல் நடுங்கியதால் ஒரு முடிச்சு நெருக்கமாகவும் ஒரு முடிச்சு தளர்வாகவும் விழுந்தது. அந்தச் சரத்தோடுதான் ஆட்டோவில் ஏறினாள். அந்தச் சரத்தோடுதான் திரும்பி வந்தாள்.

அண்ணியைக் குளிப்பாட்டும்போது முதல் வேலையாக அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்கள். ‘வாசனை இல்லாத பூவு இன்னாத்துக்கு’ என்று சித்தி சொன்னாள். கூடை நிறைய மல்லிகை வந்து இறங்கியது. அம்மா நடுவில் நின்றுகொண்டு, “கஞ்சத்தனம் பண்ணாதீங்க, எல்லாத்தையும் வைங்க. என் மருமவ சுமங்கலி,” என்றாள். நான் காதில் விழுந்ததை நம்பாமல் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பிடித்து உலுக்கினாள். “இன்னுமா ஒனக்குப் புரியல? அவ பூவோட போயிட்டாடி. சாமியே அவள பூவோட கூட்டிகினு போயிடுச்சு. அப்படின்னா என் மூர்த்தி உசுரோட எங்கயோ கீறான்.”

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பூ அண்ணனின் ஆத்மாவை அலைய வைக்கும் பூ. ஒரே நாளில் அது அண்ணனை உயிரோடு வைத்திருக்கும் பூ ஆகிவிட்டது. பூ மாறவில்லை. தலையும் மாறவில்லை. அந்தத் தலையில் உயிர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஊரும் உடனே ஒத்துக்கொண்டது. உயிரில்லாதவள் எதிர்த்துப் பேசமாட்டாள் இல்லையா? எனக்கு அவர்கள் எல்லாரையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. அம்மாவையும்தான். அம்மாவைப் பார்த்து அருவருப்பாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

கிளியனூரிலிருந்து அண்ணியின் பிறந்த வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களைக் கட்டிக்கொண்டு அழுவதற்காகப் பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடினார்கள். அண்ணியின் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள், அந்தப் பெரியம்மாவின் தலையை ஆட்டியது போல இந்தத் தலையையும் ஆட்டுவார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பின்கட்டுக்குப் போய்ச் சாக்கடை ஓரத்தில் கிடந்த கனகாம்பரச் சரத்தை எடுத்து அலசினேன். அண்ணியின் கொண்டையிலிருந்து மல்லிகை முழுவதையும் உருவித் தாவணிக்குள் சுருட்டிக்கொண்டேன். அவள் தொடுத்ததை அவளுக்கே வைத்தேன். அது வெளியே தெரியாதபடி மாலையை மேலே இழுத்துவிட்டேன். அண்ணியின் நெற்றி சில்லென்று இருந்தது. நான் அவளைத் தொட்டது அதுதான் கடைசி.

எடுக்கும் நேரத்தில் பானு அத்தைதான் முதலில் கையை நீட்டினாள். கையில் ஈரமான, வாடிய கனகாம்பரம் வந்தது. “ஐயய்யோ, எவளோ பூவை எடுத்துட்டாளே! சாக்கடையில கெடந்தத வச்சிருக்கா பாருங்கடி!” அதோடு எல்லாக் கையும் நின்றுவிட்டது. அடுத்து ஒருத்தியும் அண்ணியின் தலையைத் தொடவில்லை. நான் நினைத்தது நடந்தது. ஆனால் அம்மா விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதலில் சொன்னது, “என் புள்ளைய எவளோ கொன்னுட்டா.”

மல்லிகையை உப்பளத்து வாய்க்காலில் விட்டேன். தாவணியை மூன்று முறை துவைத்தேன். வாசனை போகவில்லை, அல்லது எனக்கு மட்டும் வருகிறது. இப்போதெல்லாம் யார் தலையில் மல்லிகை இருந்தாலும் எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது.

அம்மா இன்னும் முழுதாக நம்பிக்கையை விடவில்லை. கனகாம்பரச் செடிக்கு மஞ்சள் கயிறு கட்டிக் குங்குமம் வைத்திருக்கிறாள். அதில் பறிக்கக்கூடாதாம். பாவம், அந்தச் செடியையும் பேச வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் அண்ணனின் பாயை முன் அறையில் விரித்து வைக்கிறாள். பூவை எடுத்தவள் யார் என்று தெரிந்தால், அவள் கையாலேயே பூவைக் கொண்டுவந்து வைத்துப் பரிகாரம் செய்துவிடலாம், அண்ணன் வந்துவிடுவான் என்கிறாள். அதற்காக நாளைக் காலையில் அதே குறி சொல்கிறவர் வருகிறார். வீட்டுப் பெண்கள் எல்லாரும் குளித்துவிட்டு அவர் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அவருக்கு எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும். காலைப் பார்க்கத் தெரியாதவர்தானே? ஆனால் என் முகத்தைப் பார்க்க யாருக்கும் தெரியும். நான் பொய்யை மறைக்கத் தெரியாதவள் என்று அண்ணியே கேலி செய்வாள்.

பிடிபட்டால் பரிகாரம் செய்யச் சொல்வார்கள். செய்துவிடலாம். அதற்குப் பிறகும் அண்ணன் வராவிட்டால்? ஒவ்வொரு நாளும் அம்மா என்னைப் பார்த்துத்தான் அவன் ஏன் வரவில்லை என்று கேட்பாள். இந்த வீட்டில் அண்ணனைக் கொன்றவளாக நான் இருக்க வேண்டும். முதலில் சொன்னேனே, அடியைவிடப் பெரியது என்று, அது இதுதான்.

அம்மாவிடம் ஒன்றே ஒன்றைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஒருமுறை நான் அண்ணியிடம், ‘அண்ணன் திரும்பி வருவான்னுதானே பூ வைக்கிற?’ என்று கேட்டேன். அவள் தொடுத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“இல்ல பாப்பா. அவரு வரமாட்டாரு. அந்தத் தண்ணி வந்த வேகத்த நான் பாத்தேன். உங்கம்மாகிட்ட சொல்லிடாத.”

“அப்புறம் எதுக்கு?”

“புடிக்கும், அதான். கல்யாணத்துக்கு முன்னாடியே வச்சவதானே நான்? சின்னப் புள்ளையில எங்க ஊர்ல வேலியில பூத்தத பறிச்சி நானே தொடுத்து வச்சிப்பேன். நடுவுல ஒரு ஆளு வந்தாரு, நல்ல மனுஷன், போயிட்டாரு. அவரு வர்றதுக்கு முன்னாடியே என் தலையில இருந்தத, அவரு போனாருன்னு ஏன் எடுக்கணும்?” பிறகு சரத்தை என் மூக்கருகே கொண்டுவந்து காட்டினாள். “மோந்து பாரு. ஒண்ணும் வராது. சாமியும் இதத்தான் வேணும்னு கேக்காது, பேயும் கேக்காது. நமக்கே நமக்கு.”

இவ்வளவுதான் அண்ணி. அவள் பூவில் அண்ணன் இல்லை, தோஷம் இல்லை, சாமி இல்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காக இந்த ஊர் அவளை ஒரு வருஷம் ஓட ஓட விரட்டியது. இப்போது அதே பூவைச் சொல்லி அவளைக் கும்பிடுகிறது. இரண்டில் எது அதிக அசிங்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது ஜியாமெட்ரி பாக்ஸில் கொஞ்சம் கனகாம்பரக் காய்கள். கயிறு கட்டுவதற்கு முன்னால் பறித்தவை. காய்ந்த காயில் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அண்ணி என் உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டு வெடிக்கவிட்டுப் பயமுறுத்துவாள். நனையாமல் வைத்திருக்கிறேன். ரோஸியிடம் பாதி கொடுத்து அனுப்புகிறேன். லூர்து அக்கா, உங்கள் வீட்டு ஓரத்தில் ஊன்றுங்கள். பூத்தால் யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. அது அவள் சொன்ன ‘நமக்கே நமக்கு’ என்ற

வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். விளக்கைக் குறைத்துவிட்டேன். பானு அத்தையாக இருக்கும், அல்லது குறி சொல்கிறவர் இப்போதே வந்துவிட்டாரோ. அம்மா எழுந்துவிட்டாள். எதையோ தட்டிவிட்டுக்கொண்டு இருட்டில் ஓடுகிறாள்.

“யாரு? மூர்த்தியா? டேய் மூர்த்தி, நீயாடா?”